கிளம்புகிறவளிடம் சொல்லக்கூடாதது

நல்ல செய்தி சொல்ல நாம் நாள் பார்க்கிறோம், நேரம் பார்க்கிறோம். ராகு காலம் முடியட்டும் என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். கெட்ட செய்திக்கு மட்டும் நம்மிடம் நாளே கிடையாது. எப்போது பார்த்தாலும் யாராவது ஒருத்தி மாசமாக இருப்பாள், யாருக்காவது நிச்சயதார்த்தம் இருக்கும், யாராவது ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கெல்லாம் எல்லாம் நல்லபடியாக முடியும்வரை நோயாளி சிரித்த முகமாக இருக்க வேண்டும். இதை ஆரம்பித்து வைத்தவர் யாரோ, அவருக்கு ஒருநாளும் உடம்புக்கு வந்திருக்காது.

எனக்குச் செவ்வாய்க்கிழமை ரிசல்ட் வந்தது. இடது கெண்டைக்காலில், தோலுக்கு அடியில் பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி. ஊசி போட்டு எடுத்துச் சோதித்துவிட்டார்கள். இரண்டரை வருஷத்துக்கு முன்னால் அதே காலின் குதிகாலில் வெட்டி எடுத்தார்களே, அதே மெலனோமா. தோலில் வரும் புற்றுநோய். போய்விட்டது என்று நினைத்தது போகவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து, மான்மவுத் ஜங்ஷன் என்கிற ஊரில் உள்ள எங்கள் வீடுவரை என் வீட்டுக்காரர் கந்தசாமிதான் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தார். காரைக் கராஜுக்குள் விட்டு, கதவை இறக்கிவிட்டு, இருட்டில் உட்கார்ந்துகொண்டே சொன்னார்:

"ஞாயித்துக்கெழம ரோஷினி ஃபிளைட் ஏறட்டும், சாந்தா. அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாத."

"இனியன்கிட்ட?"

"மருமவளுக்கு ஆறாம் மாசம். அடுத்த மாசம் வளைகாப்பு வெச்சுக்கிட்டு இதயா சொல்லுவ? கொழந்தை பொறக்கட்டும்."

மகன் இனியன் டெக்சாஸில், ஆலனில் இருக்கிறான். நான் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வளைகாப்பு, பிரசவம், பேர் வைப்பது, மொட்டை, காது குத்து. இந்த வரிசையில் போனால் பேரனோ பேத்தியோ முதல் பிறந்தநாள் கேக் வெட்டிய பிறகுதான் சாந்தாமணிக்கு நோய் வர அனுமதி. அதுவரைக்கும் நான் இருக்க வேண்டுமே என்று வாய்வரை வந்தது. வண்டியை நிறுத்திய பிறகும் அவர் ஸ்டீயரிங்கை விடாமல் பிடித்திருப்பதைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டேன்.

இனியனைக்கூட விட்டுவிடலாம். என்னைத் தின்றது ரோஷினி விஷயம். அதைச் சொல்லப் போனால் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

முதலில் வந்தது குதிகாலில் ஒரு கறுப்புத் திட்டு. நான் மாத்திரை தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் தரப் பரிசோதனை லேபில் இருக்கிறேன். நாளெல்லாம் நின்றுகொண்டே செய்யும் வேலை. ரத்தக்கட்டு என்று நினைத்தேன். கால் டாக்டர் மரு என்று சொல்லி ஐந்து மாதம் மருந்து தடவினார். கடைசியில் வேறொருவர் கிள்ளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். மெலனோமா என்று சொன்னதும் எனக்குத் தெரிந்த அத்தனை பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். அது வெள்ளைக்காரங்களுக்கு வர்றதாச்சே? நமக்கும் வருமாம். வெயிலே படாத உள்ளங்காலிலும் நகத்துக்கு அடியிலும் வருமாம். நாம் எதிர்பார்க்காத இடம் என்பதால் கண்டுபிடிக்கத் தாமதமாகுமாம்.

குதிகாலை வெட்டி எடுத்துத் தொடைத் தோலை வைத்துத் தைத்தார்கள். நோய் காலை விட்டுக் கிளம்பினால் முதலில் போய் நிற்கும் இடம் தொடை இடுக்கில் உள்ள நிணநீர் முடிச்சுகள். அங்கே போயிருக்கிறதா என்று பார்க்கக் காலில் நீலச் சாயத்தை ஏற்றி, சாயம் போய்ச் சேர்ந்த மூன்று முடிச்சுகளை எடுத்தார்கள். மறுநாள் எனக்குச் சிறுநீர் பச்சையாகப் போனது. கந்தசாமி பதறிப்போய் நர்சைக் கூப்பிட்டார். அவள் சிரித்துவிட்டு, சாயம்தான், சரியாகிவிடும் என்றாள். பத்தாம் நாள் பதில் வந்தது. மூன்று முடிச்சிலும் ஒன்றும் இல்லை. நெகட்டிவ்.

அந்த வார்த்தையை எங்கள் வீட்டில் கற்பூரம் காட்டி வைத்துக்கொண்டோம் என்றே சொல்ல வேண்டும். கந்தசாமி நவம்பர்க் குளிரில் கோயிலுக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டார். ஒரு மாதம் குரங்குக் குல்லாவோடு ஆபீஸ் போனார். நான் என் பங்குக்குக் குதிகாலைப் போட்டோ எடுத்து, புடவை விற்பனையும் பால் பாயசமும் மட்டுமே ஓடிக்கொண்டிருந்த எங்கள் ஏரியாத் தமிழ்ப் பெண்கள் வாட்ஸப் குரூப்பில் போட்டேன். "பொண்ணுங்களா, மூஞ்சிய தெனமும் பத்து தடவ கண்ணாடியில பாக்கறீங்க, காலை ஒருதடவ திருப்பிப் பாருங்க" என்று கீழே எழுதினேன். பாதிப் பேர் முகம் சுளித்தார்கள். ஒருத்தி, சாப்பிடும்போது இதெல்லாம் எதுக்கு ஆன்ட்டி என்றாள்.

மூன்றாம் நாள் பக்கத்து ஊரான பிஸ்கட்டவேயிலிருந்து ரோஷினி கூப்பிட்டாள். ஈரோட்டுப் பெண், இப்போது முப்பத்திரண்டு வயது. வீட்டுக்காரன் சபரி, இப்போது மூன்று வயதாகும் ஒரு மகள். இடது கால் பெருவிரல் நகத்தில் ஒரு கறுப்புக் கோடு இருக்கிறது, ஷூ அழுத்தியதால் என்று இருந்துவிட்டேன் என்றாள். நான் திட்டிய திட்டில் அடுத்த வாரமே டாக்டரிடம் போனாள். அதுவும் இதேதான். பெருவிரலில் பாதியை எடுத்தார்கள். முடிச்சு இரண்டை எடுத்துப் பார்த்தார்கள். நெகட்டிவ். அவள் அந்தச் செய்தியைச் சபரிக்குச் சொல்வதற்கு முன்னால் எனக்குச் சொன்னாள்.

அன்றிலிருந்து அந்தப் பெண்ணுக்கு நான்தான் டாக்டர், ஜோசியர், குலதெய்வம் எல்லாம். காயத்தில் தண்ணீர் படலாமா, கருவாடு தின்னலாமா, இன்னொரு குழந்தை பெற்றுக்கொள்ளலாமா, எல்லாம் என்னிடம்தான் கேட்பாள். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? வயது ஐம்பத்தாறில், பெற்ற பிள்ளை வாரத்துக்கு ஒருமுறை போனில் "ஐ'ம் குட், மா" என்று முடித்துக்கொள்ளும் காலத்தில், ஒருத்தி நம் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றால் யாருக்குத்தான் பிடிக்காது?

இந்த வருஷம் ஜனவரியில் கூப்பிட்டாள். நான் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"ஆன்ட்டி, அம்மா வரச் சொல்லிட்டே இருக்காங்க. மார்ச்ல போயி நாலு மாசம் இருந்துட்டு வரலாம்னு பாக்கறேன். ஆனா எனக்கு மூணு மாசத்துக்கு ஒருக்கா ஸ்கேன் இருக்குது. ரெண்டு ஸ்கேன் மிஸ் ஆயிரும். போகலாங்களா?"

"நெகட்டிவ்னா நெகட்டிவ்தான் கண்ணு" என்றேன். "முடிஞ்சுபோனதப் புடிச்சுக்கிட்டு எத்தன நாளைக்கு இருப்ப? இனியன் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனப்ப நானே ஒரு ஸ்கேன் விட்டேன். என்ன ஆயிப்போச்சு எனக்கு? போயி உங்கம்மா கையில நல்லாச் சாப்பிட்டுட்டு வா."

காயை நறுக்கி முடிப்பதற்குள் பேசி முடித்துவிட்டேன். அவ்வளவு சுலபமாக வந்தது.

பிப்ரவரிக் கடைசியில், குளித்துவிட்டுக் காலில் கிரீம் தடவும்போது விரலில் அந்தக் கட்டி தட்டுப்பட்டது.

செவ்வாய்க்கிழமை டாக்டரம்மா பொறுமையாகத்தான் விளக்கினாள். குதிகாலுக்கும் முடிச்சுக்கும் நடுவே உள்ள பாதையில் இரண்டொரு அணுக்கள் தங்கிவிட்டிருக்கின்றன. முடிச்சுவரை அவை போகவே இல்லை. அதனால் அன்றைய பதில் தப்பில்லை. "முடிச்சில் இல்லை என்றுதான் அப்போது சொன்னோம். உடம்பிலேயே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை" என்றாள். திங்கட்கிழமை உடம்பு முழுக்க ஒரு ஸ்கேன். அதற்குப் பிறகு மூன்று வாரத்துக்கு ஒருமுறை நரம்பு வழியாக மருந்து. நல்ல மருந்துகள் வந்திருக்கின்றன, பலன் கிடைக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது என்றும் சொன்னாள். நான் விட்டுவிட்ட அந்த ஒரு ஸ்கேனில் இது தெரிந்திருக்குமா என்று கேட்டேன். அவள் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு, அதைச் சொல்ல முடியாது என்றாள்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் வேலையே அதுதான். பத்து லட்சம் மாத்திரையில் சில பத்து மாத்திரையை எடுத்துச் சோதித்து, தேறியது என்று கையெழுத்துப் போடுகிறேன். அதோடு முடிந்ததென்று எங்கள் லேபில் யாரும் சொல்ல மாட்டார்கள். அதே மாத்திரையில் கொஞ்சத்தைச் சூடான அறையில் பூட்டி வைத்து மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், ஒன்பதாம் மாதம் என்று எடுத்துப் பார்த்துக்கொண்டே இருப்போம். நடுவில் ஒன்று தேறாமல் போனால், அந்த மாத்திரை எந்தெந்தக் கடைக்குப் போனதோ அத்தனை பேருக்கும் உடனே தகவல் போக வேண்டும். கடைக்காரர் மகளுக்குக் கல்யாணம் என்று யாரும் தள்ளிப்போட முடியாது. இருபத்திரண்டு வருஷமாக இதைச் செய்து சம்பளம் வாங்குகிற நான், ஒரு பெண்ணின் உயிர் விஷயத்தில் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

செவ்வாய் ராத்திரி சாப்பாட்டின்போதே கந்தசாமியிடம் சொல்லிவிட்டேன். "ரோஷினிகிட்டச் சொல்லியே ஆகோணும்ங்க. அவ ஸ்கேன விட்டுட்டுப் போறது என்னாலதான்."

"கெளம்பற புள்ளகிட்டயா?" என்று தட்டைத் தள்ளி வைத்தார். "பதினெட்டு மணி நேரம் கைக்கொழந்தையாட்டம் ஒன்ன இடுப்புல வெச்சுக்கிட்டுத் தனியாப் போகுது. நெஞ்சுல பாரத்த ஏத்தி அனுப்பறதா? போயிச் சேரட்டும். பத்து நாள் கழிச்சு நானே பேசறேன்."

"பத்து நாள் கழிச்சு ஈரோட்டுல இருந்துக்கிட்டு அவ என்னங்க பண்ணுவா?"

"உனக்கு ஒண்ணும் ஆகாது. அவளுக்கும் ஒண்ணும் ஆகாது. சும்மா இரு."

சும்மா இருந்தேன். புதன், வியாழன் இரண்டு நாள் சும்மா இருந்தேன். அவர் பேச்சுக்குக் கட்டுப்பட்டேன் என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி, எனக்கே பயம். அந்தப் பெண் கண்ணில் நான் விழுந்துவிடுவேனே என்ற பயம். போனை எடுப்பேன், அவள் பெயரைத் தேடுவேன், வைத்துவிடுவேன். வீட்டுக்குள் எங்கே திரும்பினாலும் கந்தசாமி நின்றார். குளிக்கப் போனால்கூடக் கதவுக்கு வெளியே, "சாந்தா, என்ன சத்தம்?" என்றார். அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை. அவருக்கும் என்னைத் தவிர இந்த ஊரில் யார் இருக்கிறார்கள்?

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ரோஷினி வந்தாள். பார்சல் வாங்கிக்கொண்டு போக. ஊருக்குப் போகிறவர்களைச் சும்மா அனுப்பும் வழக்கம் எங்களில் யாருக்கும் கிடையாது. பொள்ளாச்சியில் இருக்கும் தன் அண்ணனுக்கு விட்டமின் மாத்திரை, மூட்டு வலி ஸ்பிரே, பாதாம், சாக்லேட் என்று அடுக்கி நான்கு பக்கமும் டேப் ஒட்டி வைத்திருந்தார் கந்தசாமி.

"ரெண்டு கிலோதான் கண்ணு" என்றார். ஐந்து கிலோவுக்கு ஒரு கிராம் குறையாது.

"கொடுங்க அங்கிள், சபரி துணியெல்லாம் எடுத்துட்டு இத வெச்சுக்கறேன்" என்று சிரித்தாள். முகம் பளிச்சென்று இருந்தது. ஊருக்குப் போகும் பெண்களுக்கு வருமே, அந்த முகம். கால் விரலை எடுத்த நாளிலிருந்து மூடின ஷூவே போட்டுக்கொண்டிருந்தவள், அன்றைக்கு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே வந்தாள்.

"ரெண்டு பேரும் சேர்ந்து நில்லுங்க, ஆசீர்வாதம் வாங்கிக்கறேன்" என்றாள்.

நான் வேண்டாம் வேண்டாம் என்று பின்னால் போனேன். கந்தசாமி என் தோளைப் பிடித்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். அவள் குனிந்து அவர் காலைத் தொட்டாள், பிறகு என் காலை. என் இடது பாதத்தின் மேல் கையை வைத்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தாள்.

"இந்தக் கால் இல்லீன்னா என் கால் இல்ல ஆன்ட்டி. எங்கம்மாகிட்டயும் அதத்தான் சொல்லியிருக்கேன்."

அவள் விரலுக்கு ஒரு சாண் மேலே, என் லெகிங்ஸுக்கு உள்ளே, ஊசி போட்ட இடத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. "நல்லா இரு" என்றேன். அதை மட்டுமாவது மனதாரச் சொன்னேன்.

காபி குடிக்கும்போது நானாகப் பேச்சை எடுத்தேன். "கண்ணு, அந்த ஸ்கேனு..."

"சாந்தா, முறுக்கு எடுத்துட்டு வா" என்றார் கந்தசாமி.

"அதச் சொல்ல மறந்துட்டேன் ஆன்ட்டி" என்று அவளே ஆரம்பித்தாள். "நேத்து கிளினிக்ல இருந்து கூப்பிட்டாங்க. வர்ற செவ்வாய்க்கெழம அப்பாயின்ட்மென்ட கேன்சல் பண்ணியிருக்கீங்களே, வேற டேட் போடட்டுமான்னு. வேண்டாம்னு சொல்லிட்டேன். வந்துட்டு வருஷத்துக்கு ஒருதடவ செக் பண்ணிக்கிட்டாப் போதும்னு நெனைக்கறேன். சபரி திட்டுனாரு. ஆன்ட்டியப் பாரு, ரெண்டரை வருஷமாச்சு, அவங்கதான் எனக்குப் புரூஃப்னு சொன்னேன். வாயடைச்சுப்போச்சு அவருக்கு."

எனக்கு அந்த ஹாலில் எங்கே உட்கார்வதென்று தெரியவில்லை. அடுப்படிக்குப் போனேன், முறுக்கு டப்பாவைத் திறந்தேன், மூடினேன். கந்தசாமி பின்னாலேயே வந்து நின்றார். கையைக் கூப்பினார். முப்பது வருஷத்தில் அந்த மனுஷன் சாமியைத் தவிர யாரையும் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. என்னைப் பெற்றவர்களே எதிரில் நின்று தடுத்திருந்தாலும் சண்டை போட்டிருப்பேன். இவர் கும்பிட்டால் நான் என்ன செய்வது? முறுக்கைத் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

நாலு மணிக்கு அவள் கிளம்பினாள். வாசலில் கட்டிக்கொண்டாள். "ஊருக்குப் போயிக் கூப்பிடறேன் ஆன்ட்டி" என்றாள். கந்தசாமி கதவைச் சாத்திவிட்டு மூச்சை விட்டார். பெரிய மூச்சு.

"பாத்தியா? எவ்வளவு சந்தோசமாப் போகுது. அதக் கெடுக்கோணுமா?" என்றார்.

அந்த மூச்சுதான் எனக்குத் தாங்கவில்லை. அவள் எங்கள் கையை விட்டுப் போய்விட்டாள் என்கிற மூச்சு அது. நான் செருப்பைப் போட்டுக்கொண்டேன். "பார்சலை விட்டுட்டுப் போயிட்டா பாருங்க" என்றேன். உண்மையிலேயே சோபாவுக்குப் பக்கத்தில் பார்சல் அப்படியே இருந்தது. அவர் அதைத் திரும்பிப் பார்த்த நேரத்தில் வெளியே வந்துவிட்டேன்.

அவள் வாசல் டிரைவ்வேயில் காரை ஸ்டார்ட் பண்ணியிருந்தாள். நான் இந்தப் பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். மார்ச் மாதக் காற்று. கதவை இழுத்துச் சாத்தினேன்.

"என்ன ஆன்ட்டி, நீங்களும் ஈரோட்டுக்கு வர்றீங்களா?" என்று சிரித்தாள்.

லெகிங்ஸை முட்டிவரை சுருட்டினேன். பிளாஸ்திரியைப் பிய்த்தேன். "எனக்குத் திரும்பி வந்துருச்சு கண்ணு" என்றேன். "செவ்வாய்க்கெழம சொன்னாங்க. இங்க பாரு. அதேதான்."

அவள் பார்த்தாள். சிரிப்பு முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தது. அதை எடுத்து எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"உங்களுக்கு நெகட்டிவ்தானே வந்துச்சு?"

"நெகட்டிவ்தான் வந்துச்சு. முடிச்சுலதான் இல்ல. வழியிலயே தங்கிருச்சுன்னு சொல்றாங்க."

"நீங்க சொன்னீங்களே. நெகட்டிவ்னா நெகட்டிவ்தான்னு."

"தப்பாச் சொன்னேன். எனக்குத் தெரியாது. தெரியாமச் சொன்னேன். நீ ஸ்கேனுக்குப் போகோணும். ஃபிளைட்ட மாத்திக்க."

அவளுக்குக் கோபம் வந்தது. இத்தனை வருஷத்தில் அந்தப் பெண் என்னிடம் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை.

"கெளம்பற நேரத்துல வந்து சொல்றீங்களே ஆன்ட்டி, நல்லா இருக்குதா? செவ்வாய்க்கெழமை தெரிஞ்சத இன்னிக்குச் சொல்றீங்க. காபி குடுத்தீங்க, முறுக்கு குடுத்தீங்க, கால்ல விழ வெச்சீங்க. அப்பெல்லாம் வாய்ல என்ன இருந்துச்சு? உங்களுக்கு வந்தா எனக்கும் வரோணுமா?"

"வர வேண்டாம் சாமி. வரவே வேண்டாம். பாத்துக்கன்னுதான் சொல்றேன்."

"எறங்குங்க ஆன்ட்டி. நான் போகோணும். பாப்பாவ டேகேர்ல இருந்து எடுக்கோணும்."

நான் இறங்கவில்லை. அவள் ரிவர்ஸ் கியரைப் போட்டாள். பின்னால் பார்க்கும் ஸ்கிரீனில் கந்தசாமி தெரிந்தார். பார்சலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு காருக்கு நேர் பின்னால் நின்றிருந்தார். கார் பீப் பீப் என்று கத்தியது. அவர் நகரவில்லை. எங்களுக்குள் நடப்பது அவருக்குப் புரிந்துவிட்டது என்று அந்த நிற்பிலேயே தெரிந்தது. அவள் ஹாரனை அடிக்கக் கையை வைத்தாள். பெரியவர் என்று நினைத்தாளோ என்னவோ, எடுத்துவிட்டாள். கியரைப் பார்க்கில் போட்டாள். அந்தக் காருக்குள் எங்கள் இரண்டு பேருக்கும் போக்கிடம் இல்லை.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பிறகு என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"நான் அந்தக் காலத் தொடறதே இல்ல ஆன்ட்டி. குளிக்கறப்பக்கூட. தண்ணியூத்திட்டு விட்டுருவேன். சோப்புப் போடறதில்ல. சபரி கை பட்டாக்கூட இழுத்துக்குவேன். எதாச்சும் தட்டுப்பட்டா என்ன பண்றதுன்னு. நீங்க சொன்னப்பறந்தான் செருப்பே போட்டேன்."

சொல்லிவிட்டுச் சீட்டைப் பின்னால் தள்ளினாள். இடது காலைத் தூக்கி, நடுவில் இருந்த கியர் பெட்டிக்கு மேலாக என் மடியில் வைத்தாள். ஜீன்ஸை மேலே ஏற்றிக்கொண்டாள். பெருவிரல் பாதியோடு நின்றிருந்தது. தையல் தழும்பு நன்றாக ஆறியிருந்தது.

"பாருங்க" என்றாள்.

நான் விரலின் அடியிலிருந்து ஆரம்பித்தேன். பாதத்தின் மேல்புறம், கணுக்கால், பின்னங்கால் நரம்பு. கெண்டைக்காலை இரண்டு கையாலும் பிடித்து அங்குலம் அங்குலமாக அமுக்கிப் பார்த்தேன். என் காலில் எங்கே இருந்ததோ அந்த இடத்தை மூன்று முறை பார்த்தேன். முட்டிக்குப் பின்னால் பள்ளத்தில் பார்த்தேன். கொசுக்கடித் தழும்பு ஒன்று. ஷேவ் பண்ணும்போது கீறின கீறல் ஒன்று. வேறு எதுவும் தட்டுப்படவில்லை. நல்ல கால். இளம் பெண்ணின் திடமான கால்.

"ஒண்ணும் இல்லதானே ஆன்ட்டி?"

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் இல்லை கண்ணு என்று சொல்ல என் நாக்கு துடித்தது. சொன்னால் அவள் அழுது முடித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பார்சலை வாங்கிக்கொண்டு போய்விடுவாள். ஞாயிற்றுக்கிழமை ஃபிளைட் ஏறிவிடுவாள். என்னை மன்னித்தும் விடுவாள். அந்த மூன்று வார்த்தைக்கு நான் எவ்வளவு ஏங்கினேன் என்று அவளுக்குத் தெரியாது.

"என் கைக்கு ஒண்ணும் தெரியல" என்றேன். "என் கைய நம்பாத."

"இருக்கா இல்லையா?"

"எனக்குத் தெரியாது ரோஷினி."

அவள் முகம் அப்படியே வெளுத்துப்போனது. நான் எதையோ கண்டுபிடித்துவிட்டு மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். அப்படி இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதைச் சொன்னாலும் பழைய இடத்துக்குத்தான் வந்து நிற்கும் என்று தெரிந்து மூடிக்கொண்டேன். என் வாயில் இனி அவளுக்கு ஆகிற மாதிரி ஒரு வார்த்தை இல்லை.

டேஷ்போர்டில் மணி நாலு இருபத்திரண்டு. கிளினிக்கை நாலரைக்கு மூடிவிடுவார்கள். அவளே போனை எடுத்தாள், நம்பரைத் தேடினாள், ஸ்பீக்கரில் போட்டாள். லைனில் காத்திருங்கள் என்று ஒரு பெண் குரல் சொல்லிவிட்டு ஏதோ ஒரு பியானோவைப் போட்டுவிட்டுப் போனது. கார் கண்ணாடியில் எங்கள் மூச்சு படிந்து வெளியே எதுவும் தெரியவில்லை. கந்தசாமி சுற்றி வந்து என் பக்கக் கண்ணாடியைத் தட்டினார். "சாந்தா" என்றார். இன்னொரு முறை தட்டினார். நான் கண்ணாடியை இறக்கவில்லை.

பியானோ நின்றது. ரோஷினி பெயரையும் பிறந்த தேதியையும் சொன்னாள். அந்தப் பக்கத்துப் பெண் தட்டிப் பார்த்துவிட்டு, செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை இன்னும் யாருக்கும் போகவில்லை, வேண்டுமா என்று கேட்டாள்.

ரோஷினி என்னைப் பார்த்தாள். வழக்கமாக இப்படிப்பட்ட நேரத்தில் என்ன சொல்லட்டும் ஆன்ட்டி என்று கண்ணால் கேட்பாள். அன்றைக்குக் கேட்கவில்லை. வெறுமே பார்த்தாள்.

"எஸ்" என்றாள் போனில். "ஐ வில் பி தேர்."

போனை வைத்தாள். கால் இன்னும் என் மடியில்தான் இருந்தது. எடுத்துக்கொள்வாள் என்று நினைத்தேன், எடுக்கவில்லை. நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"ஆன்ட்டி."

"சொல்லு சாமி."

"செவ்வாய்க்கெழம என்கூட வாங்க. ஆனா இனிமே என்கிட்ட நல்ல வார்த்த எதுவும் சொல்லாதீங்க."

சரி என்றேன்.